தென்ஸாலுக்குப் போய்த் தறியடியிலேயே ஒரு புவான் வாங்குவது எப்படி

வேலூரில் பாபு ராவ் தெரு பக்கம் நாலு நாள் நடந்தவர்களுக்குத் தெரியும், சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களில் வடகிழக்கு மாநிலத்துக்காரர்கள் எத்தனை பேர் என்று. லாட்ஜ் வாசலில், மருந்துக்கடையில், டீக்கடையில், எங்கே திரும்பினாலும் இருப்பார்கள். அப்படி ஒரு டீக்கடையில்தான் நான் முதன்முதலாக ஒரு புவானை, அதாவது மிசோரம் பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் துணியை, கிட்டத்தில் பார்த்தேன். அம்மாவின் வைத்தியத்துக்குத் துணையாக வந்திருந்த ஒரு மிசோ அக்கா இடுப்பில் கட்டியிருந்தார். கறுப்புத் துணி, அதில் சிவப்புப் பட்டை, பட்டைக்குள் வெள்ளையும் பச்சையுமாகக் குட்டிக் குட்டிக் கட்டங்கள். நான் குடியாத்தத்துக்காரன், அப்பா இருந்தவரை வீட்டில் கைலித் தறி ஓடியது, அதனால் எந்தத் துணியைப் பார்த்தாலும் கண் முதலில் ஓரத்துக்குத்தான் போகும். ஓரம் சுத்தமாக இருந்தது, ஆனால் துணியின் நடுவில் நீளவாக்கில் ஒரு தையல் ஓடியது. "இது ஏன்க்கா ரெண்டு துண்டு?" என்று கேட்டேன்.

அவர் மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் வரைந்து காட்டினார். சுவரோரம் ஒரு கட்டை, அதிலிருந்து இறங்கும் பாவு, அதாவது நீளவாக்கு நூல், பாவின் மறுமுனை நெய்கிறவரின் இடுப்பில் ஒரு பட்டையோடு கட்டியிருக்கிறது. தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு, முதுகைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தால் பாவு விறைக்கும், முன்னால் வந்தால் தளரும். நெய்த துணியைச் சுற்றும் படமரமும் இல்லை, காலை இறக்கும் தறிக்குழியும் இல்லை, நெய்கிறவர் உடம்பே தறியில் பாதி. கை எட்டும் அகலத்துக்கு மேல் நெய்ய முடியாது என்பதால் இரண்டு துண்டாக நெய்து சேர்த்துத் தைக்கிறார்கள். "எங்கள் பக்கம் தென்ஸால் என்று ஒரு ஊர் இருக்கிறது, வந்து பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நவம்பரில் நான் போய்விட்டேன். அப்படிப் போக நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன், முக்கியமாகத் தறி சத்தம் கேட்டு வளர்ந்த நம்ம குடியாத்தம், ஆரணி, வாலாஜா பக்கத்துப் பிள்ளைகளுக்கு.

தென்ஸால் மிசோரம் மாநிலத்தில் செர்ச்சிப் மாவட்டத்தில் இருக்கிறது. 2011 கணக்கெடுப்புப்படி மக்கள்தொகை 7,259, அவ்வளவு சின்ன ஊர். ஸால் என்றால் மிசோ மொழியில் சமமான நிலம், அது பொருத்தமான பேர்தான், ஏனென்றால் மிசோரத்தில் மற்ற ஊர்கள் எல்லாம் மலை முகட்டில் தொங்கிக்கொண்டிருக்க, இது கொஞ்சம் பரந்து கிடக்கிறது. உயரம் கிட்டத்தட்ட 780 மீட்டர், நம்ம ஏலகிரியை விடத் தாழ்வு. ஆகவே ஊட்டி மாதிரி குளிர் இருக்கும் என்று கம்பளி மூட்டை கட்ட வேண்டாம், நவம்பரில் ராத்திரிக்கு ஒரு ஸ்வெட்டர் போதும்.

எப்போது போவது என்றால், அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரை. மே முதல் செப்டம்பர் வரை மழை, அந்த மழையில் மலைச்சரிவு விழுந்து ரோடு அடைபடுவது அங்கே வழக்கமாக நடப்பது, நாலு நாள் லீவு எடுத்துப் போகிறவர் ரோட்டிலேயே லீவைத் தொலைக்க வேண்டியிருக்கும். அருவியும் நிறையத் தண்ணீரோடு வேண்டும், ரோடும் காய்ந்திருக்க வேண்டும் என்பவர்களுக்கு நவம்பர் நல்ல மாதம். துணியைக் கட்டிக்கொண்டு ஊரே ஆடுவதைப் பார்க்க வேண்டும் என்பவர்கள் மார்ச் மாதம் சப்சார் குட் திருவிழா சமயம் போங்கள்.

அடுத்து பெர்மிட். இதை விட்டுவிட்டு யாரும் கிளம்பாதீர்கள். மிசோரத்துக்குள் போக வெளிமாநிலத்து இந்தியர்களுக்கும் உள்கோட்டு அனுமதி வேண்டும், இன்னர் லைன் பெர்மிட் என்பார்கள், ஐ.எல்.பி. என்று சுருக்கமாகக் கேட்டாலே புரியும். சுற்றுலாவுக்குப் போகிறவர்களுக்குத் தற்காலிக பெர்மிட் 15 நாளுக்குக் கொடுக்கிறார்கள். மாநில அரசின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம், கொல்கத்தா, குவாஹாத்தி, சில்சார் போன்ற ஊர்களில் இருக்கும் மிசோரம் பவனில் வாங்கலாம், விமானத்தில் போனால் லெங்புய் விமான நிலையத்தில் இறங்கியதும் கவுண்டரிலேயே வாங்கலாம். ஆதாரோ வாக்காளர் அட்டையோ ஒரிஜினலும், இரண்டு நகலும், நாலு பாஸ்போர்ட் அளவு போட்டோவும் கையில் இருக்கட்டும். நான் கவுண்டரில்தான் வாங்கினேன், சிரமம் இல்லை, ஆனால் கூட்டத்தில் நின்று நேரம் போனது, அதனால் முதலிலேயே இணையத்தில் எடுத்துவிடுங்கள் என்பேன்.

வழி இரண்டு. சென்னையிலிருந்து கொல்கத்தா, கொல்கத்தாவிலிருந்து லெங்புய் என்று விமானத்தில் போவது ஒன்று. லெங்புய் விமான நிலையம் தலைநகர் ஐஸாலிலிருந்து 32 கிலோமீட்டர், மலையை வெட்டி மேசை மாதிரி சமப்படுத்திக் கட்டிய ஓடுதளம், ஜன்னல் சீட்டு கிடைத்தால் இறங்கும்போது கண்ணை மூடாதீர்கள். இரண்டாவது ரயில். நான் போன சமயத்தில் ரயில் இல்லை. 2025 செப்டம்பர் 13-ல் பைராபி சாய்ராங் பாதையைத் திறந்த பிறகு, ஐஸாலுக்கு 20 கிலோமீட்டர் பக்கத்திலேயே சாய்ராங் ஸ்டேஷன் வந்துவிட்டது. 51 கிலோமீட்டர் பாதைதான், அதற்குள் எத்தனையோ சுரங்கம், குதுப் மினாரை விட உயரமான ஒரு பாலம் வேறு. குவாஹாத்தியிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் டெல்லியிலிருந்தும் சாய்ராங்குக்கு ரயில் விட்டிருக்கிறார்கள். நமக்கு வசதி என்னவென்றால் பெங்களூரிலிருந்து குவாஹாத்தி போகும் ரயில் காட்பாடியில் நிற்கும். காட்பாடியில் ஏறினால் குவாஹாத்திக்கே இரண்டு நாளுக்கு மேல் ஆகும், அங்கிருந்து சாய்ராங் இன்னொரு நீண்ட பயணம், ஆக மூன்றரை நாள் போகிற வழிக்கே என்று கணக்குப் போடுங்கள். கையில் நேரம் இருக்கிறவர்கள் ரயிலில் போங்கள், ஒரு வாரம்தான் லீவு என்றால் ஒரு பக்கமாவது விமானம்.

ஐஸாலிலிருந்து தென்ஸால் சுமார் 90 கிலோமீட்டர். வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகிற தூரம்தானே, இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவு ஏறுவதையே நாம் பெரிதாகப் பேசுகிறோம், இங்கே கிளம்பியதிலிருந்து இறங்கும்வரை வளைவுதான். அரை நாளை ஒதுக்கிவிடுங்கள். பஸ்ஸை நம்ப வேண்டாம், ஆள் சேர்த்து ஏற்றிப் போகும் டாடா சுமோதான் அங்கே ஊர் வண்டி. ஒவ்வொரு ஊருக்கும் ஐஸாலில் தனித்தனி சுமோ கவுண்டர் இருக்கும், முந்தின நாளே போய்ப் பேர் கொடுத்துச் சீட்டு வாங்குங்கள். காலையில்தான் அதிகமாகக் கிளம்புகின்றன. வாந்தி வருகிறவர்கள் ஒரு எலுமிச்சம்பழமும் முன் சீட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பின்சீட்டில் உட்கார்ந்தால் பெரியவர்களுக்கு இடுப்பு தாங்காது.

தங்குவதற்குச் சுற்றுலாத் துறையின் விடுதி உண்டு, கோல்ஃப் மைதானத்தோடு சேர்ந்த மரக்குடில்களும் உண்டு. இதைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை, சுத்தமான படுக்கை, வெந்நீர், ராத்திரி அமைதி, அவ்வளவு கிடைக்கும்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அங்கே சோறுதான் பிரதானம், அது நமக்கு நிம்மதி. ஆனால் நேரம் வேறு. காலை எட்டு, எட்டரைக்கே முழுச் சாப்பாடு சாப்பிட்டுவிடுவார்கள், மத்தியானம் டீயும் பலகாரமும், சாயங்காலம் சீக்கிரமே ராத்திரிச் சாப்பாடு. காரணம் உண்டு, கிழக்குக் கோடியில் இருப்பதால் டிசம்பரில் சாயங்காலம் நாலரை மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். நம்ம ஊர்ப் பழக்கத்தில் ஒன்பது மணிக்குச் சாப்பாடு தேடிக் கிளம்பினால் கதவு சாத்தியிருக்கும். புகை போட்ட பன்றிக் கறி அங்கே விசேஷம், சாப்பிடுகிறவர்கள் விடாதீர்கள். சைவக்காரர்கள் 'பாய்' என்கிற கீரைக் குழம்பைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது, அதில் பன்றிக் கொழுப்பைப் புளிக்க வைத்துப் போடும் வழக்கம் உண்டு, கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். பருப்பு, சோறு, வேகவைத்த காய் எங்கேயும் கிடைக்கும். மிளகாய் சின்னதாக இருக்கிறதே என்று கடித்துவிடாதீர்கள், நம்ம குண்டு மிளகாய்க்குப் பழகிய நாக்கு அதைத் தாங்காது. அப்புறம் மது விலக்கு உள்ள மாநிலம் அது, பையில் பாட்டில் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

சரி, துணிக்கு வருவோம்.

புவான் என்றாலே துணி என்றுதான் அர்த்தம். பெண்கள் இடுப்பில் சுற்றிச் செருகுகிறார்கள், நம்ம கைலி மாதிரி மூட்டுவதில்லை. அதில் வகை உண்டு, வகை தெரியாமல் வாங்கக் கூடாது. புவான்சேய் என்பதுதான் அதிக வண்ணம் உள்ளது, கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மூங்கில் நடனத்துக்கும் கட்டுவது, நம்ம பட்டுப்புடவைக்கு இருக்கிற இடம் அதற்கு. ஹ்மாராம் என்பது சின்ன அளவு, அவுரி நீலத்தில் சாயம் ஏற்றிய பழைய காலத்து வகை. ஙோதேகேர் வெள்ளையில் கறுப்புப் பட்டை போட்டது. தோல்லோபுவான் என்ற பேருக்குப் பின்வாங்காதது என்று பொருள், நின்ற இடத்தில் நிற்கிறவனின் துணி. போன்தும் இருக்கிறதே, அது இருண்ட நிறம், துக்கத்துக்கு உரியது. கல்யாணமாகிப் போகும் பெண் அதைத் தன்னோடு எடுத்துப் போவாள், பின்னாளில் கணவன் இறந்தால் உடலைப் போர்த்துவதற்காக. கறுப்பு அழகாக இருக்கிறதே என்று போன்துமை வாங்கிக் கல்யாண வீட்டுக்குத் தோளில் போட்டுக்கொண்டு போனால் அது தெரிந்தவர்களுக்கு மனசு சங்கடப்படும். வாங்குங்கள், தப்பில்லை, என்ன என்று தெரிந்து வாங்குங்கள். இந்த ஐந்துக்கும் 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.

தென்ஸாலில் எல்லாத் தறியும் இடுப்புத் தறி கிடையாது. சட்டம் போட்ட மரத்தறியும் இருக்கிறது, ஸோ தறி என்கிறார்கள். அதில் அகலமாக நெய்யலாம், மிதி உண்டு, நம்ம ஆட்களுக்குப் பார்த்தவுடன் புரிந்துவிடும். இதைச் சொல்லக் காரணம், நடுவில் தையல் இல்லாத புவானைப் பார்த்து இது போலி என்று நீங்கள் முடிவு கட்டிவிடக் கூடாது.

நெய்கிறவர்கள் பெண்கள்தான். நான் போன வீட்டில் ஒரு தங்கச்சி, இருபது வயது இருக்கும், தறியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு ஊடை, அதாவது குறுக்கு நூல், போட்டு அடித்துவிட்டு, அடுத்த ஊடைக்கு முன் பாவில் கூரான ஒரு குச்சியை நுழைத்து இழைகளை எண்ணி எண்ணித் தூக்குகிறாள். மூன்று தூக்கு, இரண்டு விடு, மூன்று தூக்கு. தூக்கிய இடத்தில் மட்டும் சிவப்பு நூலைக் கையால் கோர்த்து, அந்தச் சின்னக் கட்டத்தின் விளிம்பில் திருப்பி விடுகிறாள். அப்புறம் பச்சை. அப்புறம் வெள்ளை. ஒரு வரிசைக்கு இப்படிப் பதினைந்து இருபது இடம். பக்கத்தில் மாதிரிச் சீட்டு எதுவும் இல்லை, முன்னால் நெய்து முடித்த பகுதியைப் பார்த்தே அடுத்த வரி அவளுக்குத் தெரிகிறது. நான் அரை மணி நேரம் நின்றேன், துணி என் கட்டைவிரல் அகலம் கூட வளரவில்லை. விலை கேட்கும் முன் நீங்களும் இதைக் கட்டாயம் பாருங்கள், பார்த்தவர் யாரும் பேரம் பேச மாட்டார்.

புட்டாக்களுக்கும், அதாவது துணியில் நெய்யும் சின்னச் சின்ன உருவங்களுக்கும், பேர் உண்டு. ஒன்று சுருண்ட இளம் பெரணித் தளிர், ஒன்று புலித்தோல் வரி. இது என்ன என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்கிறார்கள்.

இப்போது வாங்கும் முறை. நான் முதலில் வழியில் ஒரு நகரத்துக் கடையில் கைநெசவு என்று சொன்னதை நம்பி ஒன்று வாங்கிவிட்டேன். தென்ஸாலில் அந்தத் தங்கச்சியின் அம்மாவிடம் காட்டியபோது அவர் ஒன்றும் பேசாமல் துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். நூல் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நீளமாக ஓடி, இடையிடையே வெட்டுப்பட்டுப் பிசிறாக நின்றது. கையால் கோர்த்த கட்டத்தில் நூல் அந்தந்த விளிம்பிலேயே திரும்பிவிடும் என்று அவருடைய துணியைப் பக்கத்தில் விரித்து வைத்தார். எனக்கு அன்றைக்கு மனசு ரொம்ப வலித்தது, காசுக்காக இல்லை, விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்றதால் எங்கள் தெருவில் எத்தனை தறி நின்றது என்று பார்த்து வளர்ந்தவன் நான். ஆகவே முதல் வேலை, துணியைத் திருப்புங்கள். பின்பக்கம் ஒன்றுமே இல்லாமல் வெள்ளையாக இருந்தால் அது அச்சடித்தது. இரண்டாவது, ஒரே புட்டாவை நாலு இடத்தில் உற்றுப் பாருங்கள், கையால் நெய்ததில் மயிரிழை வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். மூன்றாவது, நடுத்தையல் உள்ள துணியாக இருந்தால் இரண்டு துண்டின் பட்டைகளும் தையலில் எப்படிச் சந்திக்கின்றன என்று பாருங்கள். ஒரு நல்ல நெசவாளி இரண்டு துண்டையும் தனித்தனியாக நெய்தும் பட்டை ஒன்றோடு ஒன்று பொருந்தும்படி அடித்திருப்பார், என் கண்ணுக்கு அந்தத் துணியிலேயே பெரிய வித்தை அதுதான். கைத்தறி முத்திரை ஒட்டியிருக்கிறதா என்றும் கேளுங்கள், ஆனால் தறியடியிலேயே வாங்குகிறவருக்கு முத்திரை எதற்கு, கண்ணால் பார்த்து வாங்குகிறீர்களே.

நூல் என்ன என்றும் கேட்டுவிடுங்கள். பழைய காலத்தில் அவர்களே பருத்தி விளைத்து நூற்றார்கள், இப்போது கடையில் வாங்கும் அக்ரிலிக் நூலும் அதிகமாகப் புழங்குகிறது. அது ஏமாற்று இல்லை, நிறம் நிற்கும், குளிருக்கு இதமாக இருக்கும். ஆனால் வேலூர் வெயிலில் கட்ட முடியாது, நம்ம ஊரில் உடுத்துவதற்கு என்றால் பருத்தி கேளுங்கள், சுவரில் மாட்டவோ போர்த்தவோ என்றால் எதுவும் சரி. சந்தேகம் இருந்தால் தறியடியில் கிடக்கும் வெட்டு நூல் ஒன்றை அனுமதி கேட்டு எடுத்துப் பற்றவைத்துப் பாருங்கள், பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும், அக்ரிலிக் உருகிக் கறுப்பு மணியாகத் திரண்டு நிற்கும். நல்ல புவான்சேய் ஒன்று சில ஆயிரம் ரூபாய் ஆகும். அவ்வளவு முடியாதவர்கள் தோள்பையோ கழுத்துத் துண்டோ வாங்கலாம், அதிலும் அதே கைதான் வேலை செய்திருக்கிறது. ரொக்கமாகவே கொண்டுபோங்கள், போனில் பணம் அனுப்ப சிக்னல் எப்போதும் இருக்காது. சொல்லி நெய்ய வைக்க வேண்டும் என்றால் அளவும் நிறமும் எழுதிக் கொடுத்து முன்பணம் கொடுத்துவிட்டு வாருங்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

போகும்போது குடியாத்தம் கைலி ஒன்றையோ ஆரணிப் பட்டுத் துண்டு ஒன்றையோ எடுத்துப் போங்கள். நான் கைலி ஒன்று கொடுத்தேன். அந்த அம்மா அதை வாங்கியதும் விரித்துக்கூடப் பார்க்கவில்லை, ஓரத்தை இரண்டு விரலில் பிடித்து நீளத்துக்கும் உருவிப் பார்த்தார், எங்கள் அம்மா செய்வது போலவே. அப்புறம் ஒரு சதுர அங்குலத்துக்கு எத்தனை இழை என்று கையால் கேட்டார். நான் சொன்னதும் மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். மொழி தெரியாமல் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

மொழி என்றதும் ஞாபகம் வருகிறது, நாலு வார்த்தை கற்றுக்கொண்டு போங்கள். வணக்கத்துக்கு 'சிபாய்', நன்றிக்கு 'கா லோம் ஏ', எவ்வளவு என்பதற்கு 'எங்ஸாத் ஙே'. வயதில் பெரிய பெண்களைப் பேருக்கு முன்னால் 'பி' என்றும் ஆண்களை 'பு' என்றும் மரியாதையாகச் சொல்வார்கள், அக்கா அண்ணன் இரண்டுக்கும் 'ஊ' என்ற ஒரே சொல். ஹிந்தி ஓரளவுதான் செல்லும், இளையவர்களிடம் இங்கிலீஷ் நன்றாகச் செல்லும்.

ஞாயிற்றுக்கிழமை எதுவும் திறக்காது. கடை, சுமோ, தறி எல்லாம் ஓய்வு, ஊரே சர்ச்சுக்குப் போகும். ஆகவே சனிக்கிழமை போய்ச் சேர்ந்து திங்கட்கிழமை ஊர் திரும்புகிற மாதிரித் திட்டம் போடாதீர்கள். ஆனால் எப்படியோ ஞாயிறு அங்கே மாட்டிக்கொண்டால் வருத்தப்பட வேண்டாம், துணியை அவர்கள் உடுத்தியிருப்பதைப் பார்க்க அதைவிட நல்ல நாள் கிடையாது. பெண்கள் நல்ல புவானை எடுத்துக் கட்டிக்கொண்டு சர்ச்சுக்குப் போவார்கள், ரோட்டோரம் நின்றாலே ஒரு கண்காட்சியே நடந்து போகும். போட்டோ எடுக்கும் முன் கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

அருவி பார்க்காமல் வர வேண்டாம். வான்டோங் அருவி ஊரிலிருந்து ஐந்து கிலோமீட்டர், 229 மீட்டர், மிசோரத்திலேயே உயரமானது. எதிர்ப்பக்கத்துக் கோபுரத்திலிருந்து பள்ளத்தாக்கைத் தாண்டித்தான் பார்க்க முடியும், ஏலகிரி ஜலகம்பாறை மாதிரி தலையைக் கொடுத்துக் குளிக்க முடியாது. வான்டோங்கா என்று ஒரு நீச்சல்காரன் விழுகிற தண்ணீரிலேயே மிதந்து நிற்பானாம், ஒருநாள் மேலிருந்து தண்ணீரோடு வந்த மரக்கட்டை அடித்து இறந்துபோனான் என்று கதை சொல்கிறார்கள், அவன் பேர்தான் அருவிக்கு. கிட்டே போய் நனைய வேண்டும் என்பவர்களுக்குத் துய்ரிஹியாவ் அருவி இருக்கிறது, அதன் தண்ணீர்த் திரைக்குப் பின்னாலேயே நடந்து போகலாம். திரும்பும்போது செர்ச்சிப் வழியாக வந்தால் செலிங் பக்கம் ரோட்டோரத்தில் ஆளே இல்லாத காய்கறிக் கடைகளைப் பார்ப்பீர்கள், காசை டப்பாவில் போட்டுவிட்டுப் பழத்தை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். சில்லறை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் புவானை வாஷிங் மெஷினில் போடாதீர்கள். குளிர்ந்த தண்ணீரில் தனியாக அலசி, முறுக்கிப் பிழியாமல், நிழலில் விரித்துப் போட்டுக் காயவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் நடுத்தையல் இழுபடும். அக்ரிலிக் கலந்தது என்றால் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக வைக்கவே கூடாது. பீரோவில் வைக்கும்போது பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, காய்ந்த வேப்பிலை நாலு போட்டு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றி மடியுங்கள். என்னுடையதை அம்மாதான் மாற்றி மடிக்கிறார், ஒவ்வொரு தடவையும் திருப்பிப் பின்பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் உள்ளே வைக்கிறார்.